லேபிளின் பின்பக்கம்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில், பொன்னுரங்கம் ஒரு பெட்ஷீட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டான்.

"பொத்தேரி ஹாஸ்டல் வார்டன் லேசுல தரல மேடம். புதுசு ஒண்ணு வாங்கிக் குட்த்துட்டு இத்த எட்த்தாந்தேன். எந்தப் பையன் படுத்ததோ தெரியல. ரெண்டு வாரந்தான் ஆச்சாம், அஞ்சு வருஷ வாசனை அடிக்குது."

டெபோரா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததில் பொன்னுரங்கத்துக்கு வருத்தமும் இல்லை. ஒன்பது வருடம் ஸ்கூல் வேன் ஓட்டி, அப்புறம் சொந்த ஆட்டோ வாங்கி, நான்கு வருடமாக டெபோராவுக்கு உதவியாளனாக இருப்பவன் அவன். வண்டிக்கு பிரேக் உண்டு, வாய்க்குக் கிடையாது. ஆனால் செவ்வாய்க்கிழமை ஜென்சி வந்து போனதிலிருந்து அவனுக்கே தன் பேச்சு கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் பட்டுக்கொண்டிருந்தது.

ஜென்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்து மூன்று வாரம். அவர் பெயர் ஜோனத்தான். துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடம் கிளார்க். இன்ன சரக்கு, அது சுங்கப் பட்டியலில் எந்த எண்ணில் வருகிறது, எந்த நாட்டில் செய்தது என்று தாள் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஜனவரியில் உமேஷ் என்ற நாவலூர் இறக்குமதியாளருக்காக ஒரு கண்டெய்னர் பருத்தி பெட்ஷீட்டை விடுவித்துக் கொடுத்தார். பங்களாதேஷில் செய்தது என்று அந்நாட்டுச் சான்றிதழ் இருந்தது, அதனால் வரியில் பெரிய சலுகை. சீனச் சரக்கு என்றால் அந்தச் சலுகை கிடையாது. கண்டெய்னரை யாரும் திறந்து பார்க்கவில்லை. நிறைய பெட்டிகள் அப்படித்தான் திறக்காமலே போகின்றன.

மே மாதம் குட்டு உடைந்தது. அந்தச் சான்றிதழ் எண் ஏதோ சணல் சாக்குக்குக் கொடுத்தது என்று பங்களாதேஷிலிருந்து பதில் வந்துவிட்டது. உமேஷின் குடோனில் இருப்பைப் பார்க்க வருவோம் என்று சுங்கத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த வாரமே ஜோனத்தான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போலிச் சான்றிதழை ஏற்பாடு செய்தது நான்தான், உமேஷுக்கு எதுவும் தெரியாது என்று. பதினோராம் நாள் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வருகிற திங்கட்கிழமை விசாரணை. உமேஷின் வக்கீல் அந்தத் தாளை நீட்டுவார், செத்தவர் தலையில் எல்லாம் கட்டப்படும். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

ஜென்சி அழுதுகொண்டேதான் பேசினாள். வீட்டில் துணி மடிக்கும்போதுகூட அவர் எண் சொல்லிக்கொண்டே மடிப்பாராம். பெட்ஷீட் அறுபத்து மூன்று பூஜ்யம் இரண்டு, மேலே விரிக்கிற அலங்கார விரிப்பு பூஜ்யம் நான்கு, பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் என்றால் துணிக் கணக்கிலேயே வராது, மெத்தையோடு தொண்ணூற்று நான்குக்குப் போய்விடும். விரிப்பைத் தவறிப் போய் பெட்ஷீட் என்று சொல்லிவிட்டால் திருத்துகிற மனுஷன் நாட்டின் பெயரைப் பொய்யாக எழுதுவாரா என்று கேட்டாள். கடைசி நாட்களில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஒரு சின்ன விஷயத்துக்குச் சண்டை என்றாள். என்ன சண்டை என்று டெபோரா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பொன்னுரங்கத்துக்குப் பிற்பாடு தோன்றியது.

"செஞ்சிருந்தா செஞ்சார்னு சொல்லிடுங்க மேடம்" என்றாள் ஜென்சி, எழுந்து போகும்போது. "செய்யலைன்னா அதையும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் எனக்குத் தெரியணும்."

இப்போது டெபோரா, உமேஷிடமிருந்து ஹாஸ்டல் வாங்கியிருந்த அந்த பெட்ஷீட்டின் மூலையை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபாக்டரில லேபிளை எப்ப வைப்பாங்க, பொன்னுரங்கம்?"

"கடைசில மேடம். கல்யாணத்துல மொய் எழுதற மாதிரி."

"இல்ல. ஓரத்தை மடிக்கும்போதே லேபிளை உள்ள சொருகி ஒரே தையலா அடிச்சிடுவாங்க. அதோட தலைப்பு மடிப்புக்குள்ள போயிடும். இதைப் பாருங்க."

'மேட் இன் பங்களாதேஷ்' என்ற அந்த லேபிள் மடிப்புக்குள் போகவில்லை. கவரில் தபால்தலை ஒட்டியதுபோல மேலே உட்கார்ந்திருந்தது, நாலு பக்கமும் தையல். அதற்கு ஓர் அங்குலம் தள்ளி, மடிப்பிலிருந்து அரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. டெபோரா அதைச் சிறு இடுக்கியால் இழுத்தாள். வெட்டிப் போட்ட பழைய லேபிளின் மிச்சம். அதில் கால்வாசி எழுத்து ஒன்று தெரிந்தது. சீன எழுத்து.

பொன்னுரங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் காம்பை மறைக்க மறந்துவிட்டான் என்றான். டெபோரா தலையாட்டிவிட்டு, இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது என்றாள். பங்களாதேஷ் சரக்கு என்று நிஜமாகவே நம்பியிருந்தால் உமேஷ் எதற்கு லேபிளை மாற்ற வேண்டும்? மாற்றினான் என்றால் ஆரம்பத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். அப்போது ஜோனத்தான் எழுதிக் கொடுத்தது பொய். லேபிளைத் தைத்த ஆள் ஒருவரைத் திங்கட்கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டால் போதும், அந்தத் தாள் செல்லாக் காசு.

பிறகு அவள் துணியைத் திருப்பிப் பார்த்தாள். லேபிளின் முன்பக்கத் தையல் வெள்ளை. பின்பக்கத்தில் நூல் வெளிர் நீலமாக இருந்தது.

"தையல் மெஷின்ல மேல் நூல் ஒண்ணு, கீழே பாபின் நூல் ஒண்ணு" என்றாள். "மேல் நூலை மட்டும் மாத்தியிருக்காங்க. பாபினை மாத்தல."

அந்த நீல நூல் யாருடைய மெஷினிலிருந்து வந்தது என்று அவளுக்கும் அப்போது தெரியவில்லை.

---

நாவலூரில் உமேஷின் ஷோரூம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஏசி குளிரில் பொன்னுரங்கத்துக்கு லேசாக உடம்பு சிலிர்த்தது. லேடீஸ் ஹாஸ்டல் முதலாளி என்று சொல்லிக்கொள்ளும்படி டெபோரா அவனுக்குச் சொல்லியிருந்தாள். அவள் அவனுடைய கணக்குப்பிள்ளை. நாலு வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவனுக்கு வந்ததில்லை. "நோட் பண்ணிக்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னான், மூன்றாவது தடவை டெபோரா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

உமேஷ் நாற்பது வயதுக்காரன். இனிக்க இனிக்கப் பேசினான். எங்கள் பிள்ளைகள் சைனா சரக்கு வேண்டாம் என்கிறார்கள் என்று பொன்னுரங்கம் சொன்னதும், பெட்ஷீட்டுகளை அள்ளிப் போட்டு லேபிளைக் காட்டினான். டெபோரா ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் தடவிப் பார்க்கிறவள்போல மூலையைத் திருப்பினாள். ஒன்றின் பின்பக்கம் மெரூன் நூல். இன்னொன்றில் கரும்பச்சை. மூன்றாவதில் அதே வெளிர் நீலம்.

துணியும் அங்கேயே நெய்ததுதானா என்று அவள் கேட்டாள்.

"துணி எங்க நெய்தா என்ன மேடம், ஓரம் அடிச்சது அங்கதானே" என்றான் உமேஷ்.

"ஓரம் அடிச்சா நாடு மாறிடுமா சார்?"

"லேபிள்ல என்ன போட்டிருக்கோ, அதுதான் மேடம் நாடு."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். டெபோராவும் சிரித்தாள். மூன்று பெட்ஷீட்டுக்கும் பணம் கொடுத்து, பில்லில் தேதி போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஆட்டோவில் ஏறியதும் டெபோராவின் முகம் மாறிவிட்டது. வேறு நாட்டுத் துணியை வாங்கி வெறுமே ஓரம் மடித்துத் தைத்தால் சலுகை கிடைக்காது, விலையில் ஒரு பங்காவது அந்த நாட்டிலேயே கூடியிருக்க வேண்டும், இது இருபத்திரண்டு வருடம் இதே வேலை பார்த்த ஜோனத்தானுக்குத் தெரியாதா என்று பொரிந்தாள். விவரம் புரியாமல் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பதை அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. பொய் என்று தெரிந்துதான் அந்தத் தாளை எழுதியிருக்கிறார். யாருக்காக எழுதினார் என்பதுதான் கேள்வி.

பொன்னுரங்கம் வண்டியை ஓரம் கட்டினான். மூன்று பெட்ஷீட்டையும் மடியில் போட்டு மறுபடி பார்த்தான்.

"மேடம், ஒரு ஃபாக்டரில மூணு கலர் பாபின் போடுவானா?"

"போடமாட்டான். இது வீட்டுல உக்காந்து தச்சது."

"நோட்டீஸ் வந்த மே மாசம் வூட்ல தைக்கிற பொம்பளைங்க மெஷின்ல இன்னா நூலு இருக்கும்? யூனிஃபார்ம் நூலு. ஒம்போது வருஷம் வேன் ஓட்டினவன் நானு. குரோம்பேட்டைலேர்ந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எந்த ஸ்கூலு பாவாடை இன்னா கலருன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். மெரூன், பச்சை, இந்த நீலம், மூணுமே அஸ்தினாபுரம் பக்கம். மூணுத்துக்கும் துணி வாங்கி தைக்கக் குடுக்கறது ஒரே ஆளு. கங்கம்மா."

டெபோரா அவனைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது. சந்தோஷத்தில் வண்டியைக் கிளப்பி, மேடவாக்கம் சிக்னல் வரைக்கும் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வந்தான். பாவம், எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று தெரிந்திருந்தால் பெருங்குடிப் பக்கமாகச் சுற்றி நாள் முழுக்க ஓட்டியிருப்பான்.

---

கங்கம்மாவின் வீட்டில் கூடத்துச் சுவர் தெரியாத அளவுக்கு யூனிஃபார்ம் துணிக்கட்டுகள். நடுவில் இரண்டு மெஷின். ஐம்பத்தைந்து வயது மனுஷி. வேன் ஓட்டின காலத்திலிருந்தே பொன்னுரங்கத்தைத் தெரியும். உட்காரச் சொன்னாள், டீ போட எழுந்தாள், வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

லேபிள் வேலையைப் பற்றிக் கேட்டதும் அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியாது. மே மாதம் இரண்டாவது வாரம் குடோனிலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறைய வந்து இறங்கியது. பழைய லேபிளை அறுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும், இரண்டு நாளில் வேண்டும் என்றார்கள். அவள் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்தாள். யூனிஃபார்ம் அவசரத்துக்கு நடுவில் பாபினை எவள் மாற்றிக்கொண்டிருப்பாள்? மேலே வெள்ளை நூல் தெரிந்தால் போதும், பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்?

டெபோரா மூன்று பெட்ஷீட்டையும் திருப்பி வைத்தாள். எது யார் தைத்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

கங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மெரூன் சாமுண்டீஸ்வரி, அடுத்த தெரு. பச்சை தானே தைத்தது. வெளிர் நீலத்தை எடுத்ததும் அவள் கை நின்றது.

"இது ஜென்சி" என்றாள். "துறைமுகத்துல வேலை பாத்தாரே ஜோனத்தான் சாரு, அவரு சம்சாரம். பாவம், மூணு வாரம் ஆவுது அவரு போயி."

பொன்னுரங்கம் டெபோராவைப் பார்த்தான். டெபோரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதியை அவர்கள் கேட்காமலே கங்கம்மா சொன்னாள். இந்த வேலை வந்ததே ஜோனத்தான் சாரால்தானாம். உங்கள் பக்கம் தையல் தெரிந்த பெண்கள் உண்டா என்று உமேஷ் ஏப்ரலிலேயே அவரிடம் கேட்டிருக்கிறான். நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்று அவரும் கங்கம்மாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். என்ன வேலை என்று கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் ஜென்சி தைத்தது பகலில், அவர் ஆபீஸுக்குப் போன நேரத்தில். வேலை முடிந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் கங்கம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அறுத்துப் போட்ட ஒரு பழைய லேபிள்.

"வூட்டைப் பெருக்கும்போது மெஷினுக்கு அடில கெட்சுதாம்" என்றாள் கங்கம்மா. "இது ஏது கங்கம்மா, யாரு குட்த்தாங்கன்னு கேட்டாரு. சொன்னேன். அப்டியே படில குந்திட்டாரு. தண்ணி வாங்கிக் குட்ச்சாரு. காலைல உமேஷ் போன் பண்ணானாம். தச்ச பொம்பளைங்க பேரு லிஸ்ட் எங்கிட்ட கீது, மொதப் பேரு உன் பொண்டாட்டி பேரு, நான் மாட்டினா அவங்களும் மாட்டுவாங்கன்னு சொன்னானாம். அவன் இன்னா சொல்றான்னு சாருக்கு அப்போ புரியலயாம். இந்த லேபிளைப் பாத்தப்புறந்தான் புரிஞ்சுதாம். ஜென்சி தச்சான்னு யாராண்டையும் சொல்லாதே கங்கம்மான்னு கையைப் புட்ச்சிக்கினாரு. ஜென்சியாண்டயே சொல்லாதேன்னாரு."

டெபோரா மெதுவாகத்தான் கேட்டாள். இதைத் திங்கட்கிழமை அதிகாரிகள் முன்னால் சொல்வீர்களா என்று. கங்கம்மாவின் முகம் வெளிறியது. போலீஸ் வருமா, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எதுக்குன்னு தெரியாம கூலிக்குத் தச்சவங்க நீங்க. உங்களை யாரும் குற்றவாளியா நிறுத்தமாட்டாங்க. நீங்க சாட்சி."

"அப்போ ஜென்சியும் சாட்சிதானா?"

"ஆமா."

கங்கம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத்த அந்த மனுசனுக்கு யாரும் சொல்லலியா?"

யார் சொல்வார்கள்? அவர் யாரிடம் போய்க் கேட்டார்? இருபத்திரண்டு வருடமாகத் தாளில் யார் கை பட்டிருக்கிறதோ அவன் கழுத்துதான் மாட்டும் என்று பார்த்துப் பழகிய மனுஷன். கையெழுத்துப் போட்டவனைத்தான் கூப்பிடுவார்கள், எழுதச் சொன்னவனை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவர் தொழிலில் பாலபாடம். அந்தக் கணக்கைத்தான் பெண்டாட்டி போட்ட தையலுக்கும் போட்டார். ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்திருக்கும். கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, தானே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்.



---

ஜென்சியின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தெருமுனையிலேயே அவன் ஆட்டோவை நிறுத்திவிட்டான்.

"வேணாம் மேடம், சொல்ல வேணாம்" என்றான். "கங்கம்மா கீது, சாமுண்டீஸ்வரி கீது. ரெண்டு சாட்சி போதும். அந்தம்மா பேரை வுட்ருங்க. உன் புருஷன் நல்லவரு, அவரு செய்யலன்னு மட்டும் சொல்லிட்டு வந்துர்லாம்."

டெபோரா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"உமேஷ் லிஸ்ட்ல முதல் பேர் அவங்கதான்" என்றாள் கடைசியில். "திங்கட்கிழமை அத்தனை பேர் முன்னாடி அவன் வக்கீல் அதைப் படிப்பான். அப்ப தெரியறதுக்கு, இப்ப நம்மகிட்டேர்ந்து தெரியட்டும். எதுவா இருந்தாலும் தெரியணும்னு கேட்டாங்க இல்ல?"

 அவன் ஆட்டோ சாவியை உருவிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

ஜென்சி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெளிர் நீலப் பாவாடைகள். துக்கத்தில் வேலை நின்றுபோய்விட்டது, பள்ளியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை ஒழித்துப் போட்டாள். டெபோரா வெளிர் நீல நூல் போட்ட பெட்ஷீட்டை அவள் கையில் கொடுத்தாள்.

தையல்காரர்கள் யாரும் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. ஜென்சியும் லேபிளைத் திருப்பித்தான் பார்த்தாள்.

"இது என் தையல்" என்றாள். "கங்கம்மா அக்கா குடுத்த வேலை. இது உங்களுக்கு எப்படி..."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் நிறுத்தினாள். லேபிளில் இருந்த நாட்டின் பெயரைத் தைத்தபோது அவள் படித்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கில் தைக்கிறவள் ஒவ்வொன்றாகப் படிக்க மாட்டாள். இப்போது படித்தாள்.

டெபோரா எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, எதையும் சர்க்கரை தடவியும் சொல்லவில்லை. சான்றிதழைப் போலியாகச் செய்தவன் உமேஷ், ஜோனத்தான் வந்த தாளை நம்பி உள்ளே கொடுத்தவர் மட்டும்தான் என்றாள். லேபிள் கிடைத்தது, கங்கம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்தது, மறுநாள் எழுதிக் கொடுத்தது, எல்லாம் சொன்னாள். பொன்னுரங்கம் வாசற்படியோரம் நின்று, மடித்து வைத்திருந்த பாவாடைகளை எண்ணிக்கொண்டிருந்தான். எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போல இருந்தது அவனுக்கு.

ஜென்சி பெட்ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னை ஜெயில்ல போட்டிருப்பாங்களா மேடம்?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"நிஜமா. கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க. தெரிஞ்சதைச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்திருப்பீங்க."

ஜென்சி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்தச் சண்டையைப் பற்றிச் சொன்னாள். ஒரு நாள் ராத்திரி வந்து, கங்கம்மா வீட்டுப் பக்கம் இனிமேல் போகாதே, அந்தக் குடோன் வேலையைத் தொடாதே என்றாராம். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. என் சம்பாத்தியம் உங்களுக்குக் கண்ணை உறுத்துகிறதா என்று இவள் கேட்டாள். அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. சரி, அப்படியானால் நானும் பேசவில்லை என்று இவளும் நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். தானே போய்ப் பேசினால் தோற்றதாக ஆகிவிடும் என்று இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோதும் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். உடனே, "எப்படிக் கேப்பார்? நான்தான் பேசலையே" என்றாள்.

அழுகை அப்போதுதான் வந்தது. டெபோரா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுரங்கம் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை. சின்ன வயசில் அம்மா போனபோது அழுததுதான், அப்புறம் இன்றுதான் அவன் கண்ணில் நீர் வந்தது. அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு ஜென்சி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் மற்ற இரண்டு பேரை வைத்தே பார்த்துக்கொள்கிறேன் என்று டெபோரா சொன்னாள். ஜென்சி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளுக்கு எதிராக நான் எழுதின தாள்தான் இருக்க வேண்டும் என்றாள். நோட்டில் ஒரு பக்கம் கிழித்து, டெபோரா சொல்லச் சொல்ல எழுதினாள். என்றைக்குத் துணி வந்தது, யார் கொடுத்தார்கள், எத்தனை, பழைய லேபிள் எப்படி இருந்தது. எழுத்து மணிமணியாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"அவருக்கு இது தெரியும்னு எழுதணுமா, தெரியாதுன்னு எழுதணுமா?"

"நடந்ததை எழுதுங்க."

 ஜென்சி மேற்கொண்டு யாரையும் கேட்காமல், தன் போக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். டெபோரா அதைப் படித்தாள். படித்துவிட்டுப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தாள்.

'இந்த லேபிள்களைத் தைத்தது நான் என்று என் கணவருக்குத் தெரிய வந்தது. எனக்குக் கெடுதல் வரக் கூடாது என்று அவர் செய்யாத தவறைச் செய்ததாக எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் இறந்த நாள்வரை பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை.'

கடைசி வாக்கியம் சுங்கத் துறைக்குத் தேவையில்லை, அதை அடித்துவிடலாம் என்று டெபோரா மெல்லச் சொன்னாள்.

"இருக்கட்டும் மேடம்" என்றாள் ஜென்சி. "அவர் எதையும் விட்டுட்டு எழுதமாட்டார்."